பாம்பே பரவாயில்லை

சன் டி.வி.யில் 'நந்தினி' தொடங்கிய நாள் 2017 ஜனவரி 23. அன்று காலையில்தான் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியிருந்தவர்களைப் போலீஸ் கலைத்தது, ஊரெல்லாம் கலவரம். பஸ் கிடைக்காமல், ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. வந்து இறங்கி, வீட்டுக்குப் போய் டி.வி.யைப் போட்டால் பாம்பு, பேய், பழிவாங்கல். எங்கள் வீட்டில் ஒருத்தர்கூடத் திடுக்கிடவில்லை.

திடுக்கிடுவதற்கான சரக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. நவம்பர் 8 ராத்திரி பிரதமர் டி.வி.யில் தோன்றி 500, 1000 ரூபாய் நோட்டுகளை மாயமாக்கினார். டிசம்பர் 5 முதல்வர் ஜெயலலிதா மறைந்தார். அடுத்த வாரமே, 12ஆம் தேதி, வர்தா புயல். எங்கள் தெரு முருங்கை மரம் கேபிள் வயரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு சாய்ந்தது. கேபிள்காரர் புது வயரை மொட்டைமாடித் தண்ணீர் டேங்கில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து கொஞ்சம் காற்றடித்தாலும் படம் கட்டம் கட்டமாக உடையும். நந்தினியில் பாம்பு படமெடுத்தால் எங்கள் டி.வி.யில் படம் போய்விடும்.

கதை சுந்தர் சி., தயாரிப்பு குஷ்பு, இயக்கம் ராஜ்கபூர். 'அரண்மனை' எடுத்தவர் கதை என்றால் கேட்க வேண்டுமா? பெரிய வீடு, வீடு நிறைய உறவுக்காரர்கள், உறவுக்காரர்கள் நிறையப் பழைய பாவம். வீட்டுப் பெரியவராக விஜயகுமார். தமிழிலும் கன்னடத்திலும் சேர்த்தே எடுத்தார்கள். காவிரிக்காகப் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்களை எரித்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்த நேரம். ஒரே பாம்பு இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாகச் சீறியது. தண்ணீர்ப் பங்கீடு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பாம்பு வந்ததும் பாட்டி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திருவேற்காடு கருமாரி கோயில் புற்றுக்குப் பால் ஊற்றிப் பழகிய கை.

"அது கிராஃபிக்ஸ்மா" என்றாள் அத்தை.

"இருக்கட்டுமே. அவ எந்த ரூபத்துல வேணா வருவா."

அப்பாவின் சந்தேகம் வேறு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவருடைய லேத் பட்டறைக்கு நோட்டுப் பிரச்சினையால் ஆர்டர் பாதியாகியிருந்தது. "இத்தனை பேர் சாப்பிடறாங்க, ஒருத்தனும் வேலைக்குப் போகல. சரி, இந்த வீட்டுக்கு ஏ.டி.எம். கியூவுல யார் நிக்கறது?" என்றார். கடைசிவரை அதற்கு சீரியலில் பதில் இல்லை.

எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது பாம்பின் ஒழுங்குதான். சும்மா யாரையும் கொத்தாது. யார் செய்த துரோகம், எப்போது செய்தது, அதற்கு இப்போது யார் மாட்டுவது என்று எல்லாவற்றுக்கும் ஃபிளாஷ்பேக் வைத்திருந்தது. பணம் ஏன் செல்லாமல் போயிற்று, ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டதற்கெல்லாம் அப்படி ஒரு ஃபிளாஷ்பேக்கை யாரும் காட்டவில்லை. காரணத்தோடு வரும் பேய், காரணம் சொல்லாமல் வரும் செய்தியைவிட எவ்வளவோ மேல்.

அப்படிப்பட்ட பாம்பையும் ஒரு நாள் செய்தி ஜெயித்தது. பிப்ரவரி 7 ராத்திரி ஓ.பன்னீர்செல்வம் ஜெயலலிதா சமாதி முன்னால் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். மின்னல் இல்லை, பின்னணி இசை இல்லை, முகத்துக்கு மூன்று முறை கேமரா பாயவில்லை. ஆனாலும் பாட்டியே, "அந்த நியூஸைப் போடு" என்று ரிமோட்டைக் கேட்டாள். அடுத்த சில நாள் கூவத்தூர் ரிசார்ட்டில் எம்.எல்.ஏ.க்கள் தங்கிய கதை ஓடியது. அதிலும் பெரிய வீடு, வீடு நிறைய ஆள்; சுந்தர் சி. பெயர்தான் போடவில்லை.

நந்தினி 2018 டிசம்பரில் கணக்கைத் தீர்த்துக்கொண்டு முடிந்தது. ஜெயலலிதா மரணத்தை விசாரிக்க 2017 செப்டம்பரில் அமைத்த ஆறுமுகசாமி ஆணையத்துக்கு முதலில் கொடுத்த கெடு 3 மாதம். அறிக்கை வந்தது 2022 ஆகஸ்டில். அந்தச் செய்தி ஓடியபோது அப்பா, "பேசாம அந்தப் பாம்புகிட்டக் கொடுத்திருக்கலாம். வாய்தா வாங்காது" என்றார்.

பாட்டி விடவில்லை. "தினம் தினம் 'தொடரும்'னு போட்டானே, அது வாய்தா இல்லாம வேற என்னடா?"