கலப்படம் ஒழிக! இப்படிக்கு, கடைக்காரர்கள்

1992-ல் அமெரிக்காவில் ஒரு ராப் பாட்டு வெளிவந்தது. பெயர் 'கிராஸ்ஓவர்'. பணத்துக்காக ராப்பைப் பாப் பாட்டாக்கி விற்கிறார்களே, மானங்கெட்டவர்கள் என்று வறுத்தெடுக்கிற பாட்டு. பாடியவர்கள் ஈபிஎம்டி குழு. இந்த நான்கெழுத்தை விரித்தால், 'எரிக்கும் பாரிஷும் டாலர் பண்ணுகிறார்கள்' என்று வரும்.

சிரிப்பைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டிலிருந்து வந்த எரிக் செர்மனும் பாரிஷ் ஸ்மித்தும் 1988-ல் போட்ட முதல் ஆல்பம் 'ஸ்ட்ரிக்ட்லி பிசினஸ்'. அடுத்தது 'அன்ஃபினிஷ்ட் பிசினஸ்'. மூன்றாவது 'பிசினஸ் ஆஸ் யூஷுவல்'. நம் பாட்டு இடம்பெற்ற நான்காவது 'பிசினஸ் நெவர் பெர்சனல்'. பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் குலதெய்வத்தின் பெயரை வைக்கிற குடும்பங்கள் உண்டல்லவா? இவர்களுக்குக் குலதெய்வம் பிசினஸ்.

சரி, இவர்கள் கண்ணீர் விட்டது எந்தப் பொற்காலத்துக்காக? அதன் பூர்வீகத்தைத் தேடினால் நியூயார்க் நகரத்தின் பிராங்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்வோம். 1973 ஆகஸ்ட் 11. சிண்டி கேம்பல் என்ற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத்துணி எடுக்கவேண்டும், கையில் காசில்லை. கட்டடத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தாள். இசைத்தட்டு சுழற்ற வீட்டிலேயே ஆள் இருந்தது. அண்ணன் கூல் ஹெர்க். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். ராப்பையும் உள்ளடக்கிய ஹிப்-ஹாப் பிறந்தது அன்றுதான் என்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அதாவது குழந்தை பிறப்பதற்கு முன்பே வாசலில் டிக்கெட் கவுண்டர் திறந்தாகிவிட்டது.

அடுத்த ஆறு வருடம் ராப் பூங்காக்களிலும் தெருமுனைகளிலும் வளர்ந்தது. 1979-ல் சில்வியா ராபின்சன் என்ற இசைக் கம்பெனி முதலாளியம்மா, நியூஜெர்சியில் மூன்று பையன்களைத் திரட்டி 'ஷுகர்ஹில் கேங்' என்று பெயர் வைத்து, 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டை வெளியிட்டார். மூவரில் ஒருவரான ஹாங்க், அதுவரை பீட்சா கடையில் வேலை பார்த்தவர். கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற ராப்பர் எழுதிவைத்திருந்த வரிகளை வாங்கிக்கொண்டுபோய் அப்படியே பாடிவிட்டார். காஸுக்குக் கசனோவா என்றொரு பட்டப்பெயர் உண்டு. பாட்டில் அதையும் ஹாங்க் எழுத்துக்கூட்டிச் சொல்கிறார்! பிட் அடித்த பையன் பக்கத்து பெஞ்சுக்காரனின் ரெஜிஸ்டர் நம்பரையும் சேர்த்து எழுதிய கதை. பரீட்சையில் ஹாங்க் பாஸ். காஸுக்குக் காசு வரவில்லை.

1986-ல் ரன்-டிஎம்சி ராப் குழுவினர் தங்கள் ஷூவைப் புகழ்ந்து 'மை அடிடாஸ்' என்று பாடினார்கள். மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவர்கள் கேட்டுக்கொண்டதும், கூட்டம் காலிலிருந்த அடிடாஸைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது. நம் ஊரில் மேடையைப் பார்த்துச் செருப்பைத் தூக்கினால் அர்த்தம் வேறு. அங்கே இருந்த கம்பெனி அதிகாரிகளுக்கு அது கனகாபிஷேகம். ஒப்பந்தம் கையெழுத்தானது.

பிறகு வந்தார் ராப்பர் எம்.சி. ஹாமர், ஒரே காலில் இரண்டு பேர் நுழையக்கூடிய பேன்ட்டோடு. 1990-ல் அவருடைய ஆல்பம் 21 வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். பெப்சி விளம்பரம், கோழி வறுவல் விளம்பரம், பொம்மை, கார்ட்டூன் தொடர் என்று சகலமும் ஆனார். 1996-ல் திவால் மனுவும் கொடுத்தார். அதே 1990-ல் வனிலா ஐஸ் என்ற ராப்பர், குவீன் குழுவும் டேவிட் போவியும் சேர்ந்து செய்த பாட்டின் பேஸ் இசையை எடுத்துக்கொண்டு, 'என்னுடையதில் கூடுதலாக ஒரு 'டிங்' இருக்கிறது' என்று டிவி கேமரா முன் வாயாலேயே வாசித்துக் காட்டினார். வாடகை வீட்டில் ஒரு ஆணி அடித்துவிட்டுப் பத்திரம் கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

இந்தச் சந்தைக்கு நடுவில்தான் எரிக்கும் பாரிஷும் எழுந்து நின்று 'கலப்படம்!' என்று கத்தினார்கள். கவனியுங்கள், 'வியாபாரம்!' என்று கத்தவில்லை. அரிசி விற்பது தப்பில்லை, கல்லைக் கலந்து விற்பதுதான் தப்பு என்பது அவர்கள் கட்சி. நேற்றுவரை முரட்டு ராப் பாடியவன், ரேடியோவில் இடம் பிடிக்க இன்று ஆர் அண்ட் பி சர்க்கரைப் பாகில் முங்கி எழுந்து வருகிறான், அவனைத்தான் கேட்டார்கள்.

கேட்டது சரி. ஆனால் அந்தப் பாட்டின் பல்லவியைக் கேட்டால் அதுவே தேனாக ஒழுகுகிறது. ஃபங்க் இசைக்காரர் ராஜர் ட்ரவுட்மனின் பாட்டிலிருந்து எடுத்த துண்டு. அவர் கருவி டாக் பாக்ஸ். கீபோர்டின் ஒலி ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வாய்க்குள் வரும். அவர் உதட்டையும் நாக்கையும் அசைத்து அதைச் சொல்லாக மாற்றுவார். மிக்ஸி காதல் வசப்பட்டுக் கொஞ்சினால் எப்படியிருக்கும், அப்படி இருக்கும். இவர்கள் தரப்பில் ஒரு நியாயமும் உண்டு. 1988-லேயே ராஜரின் ஸாப் குழுவிலிருந்து எடுத்துத்தான் 'யூ காட்ஸ் டு சில்' பண்ணினார்கள். பழைய கைப்பக்குவத்தை மாற்றவில்லை.

விளைவு? பாப் பட்டியலுக்குத் தாவுகிறவர்களைத் திட்டிய பாட்டு, பாப் பட்டியலுக்கே தாவியது. பில்போர்ட் ஹாட் 100-ல் 42-ஆவது இடம். அந்தப் பட்டியலில் அவர்கள் எட்டிய உச்சமே அதுதான். மறு வருடமே குழு உடைந்தது. வியாபாரத்தில் சொந்தப் பகை இல்லை என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்த மை காய்வதற்குள்! 1997-ல் மீண்டும் சேர்ந்து போட்ட ஆல்பத்தின் பெயர் என்ன? 'பேக் இன் பிசினஸ்'. வேறென்ன இருக்கும்?

இந்த ராசி பின்னால் வந்தவர்களையும் விடவில்லை. 1996-ல் த ரூட்ஸ் குழு, 'இந்த பங்களா ஒரு நாள் வாடகை, இந்த ஷாம்பெய்ன் வெறும் இஞ்சி சோடா' என்ற ரீதியில் தங்கள் பாட்டின் வீடியோவில் சப்டைட்டில் போட்டு ராப் வீடியோக்களின் பவுசைக் கிழித்தது. அந்தப் பாட்டு முதல் நாற்பதுக்குள் நுழைந்தது. 2006-ல் ராப்பர் நாஸ், 'ஹிப் ஹாப் இஸ் டெட்' என்று மரண அறிவித்தல் கொடுத்தார். முதல் வாரத்திலேயே மூன்றரை லட்சம் பிரதி விற்று ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. சாவு வீட்டில் இவ்வளவு மொய் விழுந்தது சரித்திரத்தில் குறைவு.

எதிர்த்துப் பாடிய எல்லாரும் விற்றார்கள். அதில் ஈபிஎம்டியை மட்டும் போலி என்று சொல்ல என்னால் முடியவில்லை. மற்றவர்கள் கோயில் என்று சொல்லிக் கடை நடத்தினார்கள். இவர்கள் கடை என்றே போர்டு மாட்டி, உள்ளே ஒழுங்காகச் சரக்கு கொடுத்தார்கள்.