எஃகுக் கால்சட்டை போட்ட மகராசன்

பூவம் காரைக்கால் எல்லையில் இருக்கிறது. இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும், சரித்திரம் வேர்த்துக் கொட்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். தெற்கே காரைக்கால், 1739-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தது. நண்டலாற்றைத் தாண்டி வடக்கே போனால் தரங்கம்பாடி. அங்கே 1620-லேயே டென்மார்க்காரர் கோட்டை கட்டிவிட்டார்கள். மிளகுக்கும் துணிக்கும் கணக்குப் பார்த்து வந்த மகானுபாவர்கள் சித்திரை வெயிலுக்கு மட்டும் பார்க்கவில்லை. கழுத்துவரை பொத்தான் மாட்டிய கோட்டோடு கரையிறங்கியவர்களைப் பார்த்து, இடுப்பு வேட்டியோடு நின்ற நம்மாள் என்ன நினைத்தானோ! கம்பெனிக் குறிப்புகளில் அதற்கு இடமில்லை.

அடுத்தவன் ஊருக்குத் தன் ஊர் உடுப்போடு போகிற வழக்கம் விண்வெளியிலும் விடவில்லை. 1965 மார்ச்சில் முதன்முதலாகக் கலத்துக்கு வெளியே வந்தார் ரஷ்யாவின் அலெக்ஸி லியோனோவ். பன்னிரண்டு நிமிடம்தான். அதற்குள் உடுப்புக்குள்ளே வியர்வை தளும்பியது.

அமெரிக்கர்கள் பாடம் படித்தார்களா? 1966 ஜூனில் ஜெமினி 9 கலத்திலிருந்து யூஜின் செர்னன் வெளியே வந்தார். முதுகில் மாட்டிப் பறக்க ஒரு ராக்கெட் மூட்டை காத்திருந்தது. அதன் சூடு கால்களைப் பொசுக்கிவிடக் கூடாதென்று கால்சட்டையில் எஃகு இழை நெய்திருந்தார்கள். கால் வேகாமலிருக்க இத்தனை ஏற்பாடு. உள்ளே இருக்கிற ஆள் வேகாமலிருக்க? கொஞ்சம் காற்று ஊதினார்கள், அவ்வளவுதான். வேலை கூடக் கூட அந்தக் காற்றால் வியர்வைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நாடி நிமிடத்துக்கு 180 துடித்தது. முகக்கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியாமல் போக, அமெரிக்காவின் விண்வெளி வீரர் மூக்கால் தேய்த்து ஓட்டை போட்டு உலகத்தைப் பார்த்தார். ராக்கெட் மூட்டை கடைசிவரை பறக்கவே இல்லை. திரும்பியவர் எடையில் ஏறக்குறைய 6 கிலோவைக் காணோம்.

அதற்கப்புறம் நிலாவில் நடக்கப் போனவர்களுக்குத் தண்ணீர்க் குழாய்கள் ஓடும் உள்ளாடை கிடைத்தது. உடம்புச் சூட்டை வாங்கிய தண்ணீர் முதுகுப் பெட்டிக்குப் போகும். அங்கே நுண்துளைத் தகடு ஒன்றில் வேறு தண்ணீர் கசிந்து, வெற்றிடத்தில் உறைந்து, பனியாகவே ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகும். நம் மண்பானையும் கசிந்துதான் குளிர்கிறது; அதற்கு யாரும் டெண்டர் விடவில்லை. 1972 டிசம்பரில் அதே செர்னன் நிலாவில் மூன்று தவணையாக 22 மணி நேரம் வேலை பார்த்தார். மூக்குக்கு வேலை வரவில்லை.

2013 ஜூலையில், குளிர்விக்க வேண்டிய அந்தத் தண்ணீரே விண்வெளி நடையில் இருந்த இத்தாலியர் லூக்கா பார்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் புகுந்தது. கடலே இல்லாத இடத்தில் மூழ்கிச் சாகப் பார்த்தார் மனுஷன்.

அடுத்தது செவ்வாயாம். அங்கே சராசரிக் குளிர் மைனஸ் 60 டிகிரி. ஆனாலும் கெட்டியான உடுப்புக்குள் கல்லுடைக்கிறவன் வேர்க்கத்தான் செய்வான். பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத காற்றழுத்தம்தான் அங்கே. வெற்றிடத்தை நம்பியிருக்கும் அந்த நுண்துளைத் தகட்டின் வேலையைக் கெடுக்க அது போதும். அதனால் சவ்வு வழியே தண்ணீரை ஆவியாக்கும் கருவி ஒன்றை நாசா சோதித்திருக்கிறது. செவ்வாய்க்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் அது தேறும்வரை பொறுங்கள்.