தையில் தேவஸ்தானம், சித்திரையில் டூரிசம்

பழனி அடிவாரத்தில் நம்மாளின் அம்மாவைப் பார்த்து, "தம்பி என்ன பண்றாப்ல?" என்று கேட்டால் உடனே பதில் வராது. இது என்ன மாசம் என்று ஒரு விநாடி யோசிப்பார். தை மாதம் என்றால் "தேவஸ்தானத்துல." சித்திரை, வைகாசி என்றால் "டூரிசத்துல." தேர்தல் வந்துவிட்டால் "எலெக்‌ஷன் கமிஷன்ல." ஆவணி மாதம் மட்டும், "படிச்சிட்டு இருக்கானுங்க." அதாவது, வீட்டில் இருக்கிறான்.

இதில் எதுவும் பொய் இல்லை. தேவஸ்தானம் என்றால், தைப்பூசக் கூட்டத்தைச் சமாளிக்கப் பத்துப் பதினைந்து நாளுக்கு எடுக்கும் ஆள். டூரிசம் என்றால், கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகை சைக்கிளுக்கு பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கும் வேலை. எலெக்‌ஷன் கமிஷன் என்றால், வாக்குச்சாவடி மூலையில் வெப் காமிராவுக்குத் துணையாக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது. அம்மா துறையைச் சொல்கிறார். பதவியைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நம்மாளைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "சும்மா டெம்பரவரிங்கண்ணா." அவனுடைய உண்மையான தொழில் குரூப் 4 எழுதுவது. 2022இல் அந்தத் தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் கிட்டத்தட்ட 22 லட்சம். இந்தக் கணக்கைப் பார்த்து நமக்குத் தலை சுற்றும். நம்மாளுக்குச் சுற்றாது. "பாதிப் பேர் படிக்காம வருவாங்க, மீதிப் பேர் ஓ.எம்.ஆர். ஷீட்டுல தப்பா வட்டம் போடுவாங்க" என்று கழித்துக் கழித்து, கடைசியில் போட்டி தனக்கும் பாலசமுத்திரத்துக்காரன் ஒருவனுக்கும்தான் என்று கொண்டுவந்து நிறுத்திவிடுவான்.

படிப்பையும் பிழைப்பையும் அவன் கலக்கிற கலவைதான் பார்க்க வேண்டியது. 2023 அக்டோபர் 1 முதல் பழனி மலைக்கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. கீழேயே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். அப்படியொரு கவுண்டரில் ஒரு தைப்பூசத்துக்கு நம்மாளை உட்கார வைத்தார்கள். எதிரே பாதயாத்திரை வந்த கூட்டம், கொப்புளம் வெடித்த கால்கள், பச்சை வேட்டிகள், "சாமி, என் போனு, சாமி" என்று நீளும் கைகள். இவனோ டோக்கன் எண்ணை எல்லாம் வரலாற்றுப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறான். 1639 வந்தால் மெட்ராஸ். 1757 வந்தால் பிளாசி. 1806ஐத் தேடி எடுத்தவன், வாய் தவறி "வேலூரு! வேலூர் யாருங்க சாமி?" என்று கத்திவிட்டான். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "நான் ஆரணிங்க தம்பி, பக்கந்தான்."

போன் அவருடையதுதான். அது முருகன் செயல்.

பஞ்சாமிர்த டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கப் போனால், புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு 2019 என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்குவான். வின்ச் 1966, ரோப் கார் 2004. படிக்கட்டில் கேட்டாலும் சொல்வான், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். இதெல்லாம் ஒருநாள் வினாத்தாளில் வரும் என்பதில் அவனுக்கு மலையளவு நம்பிக்கை.

சீசன் பிறந்ததும் மலையேறிவிடுவான். பழனியிலிருந்து பெருமாள்மலை வழியாக அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அடிவாரத்தில் கேரளத்துப் பக்தர்களிடம் கற்றுக்கொண்ட மலையாளம் கொடைக்கானலில்தான் காசாகும். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த 2024இலிருந்து குணா குகையைக் கேட்டு வருகிற சேட்டன்மாருக்கு, 'குணா' வெளியான 1991ஆம் வருடத்திலிருந்து கதை சொல்வான். அந்த வருடம் இவன் பிறக்கவில்லை. ஆனால் படப்பிடிப்பில் கமலுக்கு டீ கொடுத்தவன் மாதிரி இருக்கும்.

அதே 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. கொடைக்கானல் போகிறவர்களுக்கு அது ஒரு தொல்லை. நம்மாளுக்கு ஒரு புதுத் துறை. அடுத்த வருடம் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பு கட்டியதும், ஒரு பிரவுசிங் சென்டரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். "பாஸ் ஃப்ரீதாங்க சார், டைப் பண்றதுக்குத்தான் காசு." குறிஞ்சிப் பூ எப்போது என்று யாராவது கேட்டால், "2018ல பூத்துச்சுங்க, அடுத்து 2030. அப்ப நான் தாசில்தாரா ஜீப்புல வந்து பாப்பேன்" என்பான். குரூப் 4இல் சேர்ந்தால் அதற்குள் தாசில்தார் ஆக முடியாதே என்று நாம் சொல்லக் கூடாது.

அவன் சம்பாதித்த சொத்து முழுக்கப் போனில்தான் இருக்கிறது. 'அன்னதானம் அண்ணன்', 'போட் ஹவுஸ் மாமா', 'ரோப் கார் சார்', 'எலெக்‌ஷன் மேடம்'. வேலை முடிகிற நாளில் சம்பளம் எண்ணுவதற்கு முன்னால் இந்த நம்பரை வாங்கிவிடுவான். பொங்கலுக்கு வாழ்த்து, தீபாவளிக்கு வாழ்த்து, அவர்கள் பிள்ளை ப்ளஸ் டூ தேறினால் அதற்கும் ஒரு வாழ்த்து. அடுத்த சீசனுக்கு "தம்பி, ஃப்ரீயா?" என்று போன் வருவது இந்தப் பாசனத்தினால்தான். எக்ஸல் தெரியுமா என்றால் தெரியும் என்று சொல்லிவிட்டு ராத்திரியே கற்றுக்கொள்வான். பதிலுக்கு அவர்கள் தருவது ஒரு வாக்கியம்: "பர்மனெண்ட் பண்றப்ப உன்னயத்தான் மொதல்ல சொல்லுவேன்." தமிழ்நாட்டில் சம்பளத்தைவிட அதிகம் வேலை வாங்கியிருப்பது இந்த வாக்கியந்தான் என்பது என் கணிப்பு.

இந்த டெம்பரவரி வேலை அவன் குடும்பச் சொத்தும்கூட. 2003 ஜூலையில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தபோது, ஜெயலலிதா அரசு ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்துவிட்டுத் தற்காலிக ஆட்களை எடுத்தது. அதில் நுழைந்தவர் நம்மாளின் சித்தப்பா. நாற்காலி சூடாவதற்குள் விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள். சித்தப்பா எழுந்து கொடுத்தார். இன்றைக்கும் ஊரில் யாருக்காவது பட்டா, சிட்டா என்றால், "நான் சர்வீஸ்ல இருக்கறப்ப…" என்றுதான் ஆரம்பிப்பார்.

இன்னொரு பக்கம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களை வேலையில் அமர்த்த 1945இல் தொடங்கிய ஏற்பாடு அது. சிப்பாய்கள் அமர்ந்துவிட்டார்கள், நம்மாள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருக்கிறான். ஐந்து வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. சம்பளம் வரும் வேலை இருக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் படித்துவிட்டு, "நமக்கு இருக்குதா, இல்லையா?" என்று அவன் நெடுநேரம் யோசித்தான்.

போன ஐப்பசியில் பெண் பார்க்கப் போனார்கள். அம்மா எல்லாத் துறைகளையும் வரிசையாகச் சொன்னார். பெண்ணின் அப்பா விவரமானவர். "இதுல எது பர்மனெண்டுங்க?" என்று கேட்டுவிட்டார். காபி ஆறிப்போனது.

மூன்று மாதம் கழித்து அவரே போன் செய்தார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி, பாப்பாவுக்கு ஈ.பி. மாப்பிள்ளை அமைஞ்சிருச்சு. புள்ளைங்க ரெண்டும் கொடைக்கானல் போகுதுங்க. அந்த இ-பாஸ் மட்டும் ஒண்ணு…"

நம்மாள் எடுத்துக் கொடுத்தான். ஏரியைப் பார்த்த மாதிரி ரூமும் அவனே போட்டுக் கொடுத்தான். ரூமுக்குக் கமிஷன் தனி.