நாய்க்கு எந்தச் சவர்க்காரம்?

கேள்வி: நாயை முழுகவார்க்க வீட்டுச் சவர்க்காரம் போதாதா?

பதில்: வீட்டுக்காரருக்குப் போதும், நாய்க்குப் போதாது. நாயின் தோல் மனிதத் தோலைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைந்தது. வீட்டுச் சவர்க்காரம் அதன் எண்ணெய்ப் பசையை அகற்றி வறட்சியையும் சொறிச்சலையும் தரும். யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுண்ணாம்புக்கல்லில் ஊறும் கிணற்று நீர் கடினமானது. அதில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து மயிரில் படலமாக ஒட்டும். நாய்களுக்கான ஷாம்பூ இந்த நீரிலும் நுரைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, வழுவழுப்புப் போகும்வரை அலசுவதே முறை. சிக்கை முழுக்குக்கு முன்பே எடுக்கவேண்டும், நனைந்தால் இறுகிவிடும். துவாயால் துடைக்கும்போது காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுவது அவசியம். உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையுள்ள வீட்டுக்கு அது வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு. குட்டிகளுக்கு மருந்து ஷாம்பூ வாங்குமுன் கால்நடை வைத்தியரைக் கேளுங்கள்.