உன்னைக் கேக்காத தசை

ஏலே பேராண்டி, சட்டையக் கழட்டிட்டுக் கண்ணாடி முன்னால எம்புட்டு நேரம்டே நிப்ப? புஜம் நல்லாத்தான் உருண்டிருக்கு. ஆச்சிகிட்டச் சொல்லிக் கண்ணூறு கழிக்கச் சொல்லுதேன். ஆனா நீ வளத்து வச்சிருக்கது திண்ணையில ஒக்காந்து மீசை முறுக்குத ஆளு. வீட்டு வேலை பாக்கது உள்ள இருக்கவன்.

ஒங்க அக்கா நர்சிங் படிக்கையில சத்தம் போட்டுத்தான் வாசிப்பா. கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி மனப்பாடம். ஒன் புஜத்துல இருக்கது வரித்தசை. ஆக்டின், மயோசின்னு ரெண்டு புரதம் வரிசை கட்டி நிக்கதால மைக்ராஸ்கோப்புல குறுக்க குறுக்கக் கோடு தெரியும். ஒரு இழை பல செண்டிமீட்டர் ஓடும். அதுக்குள்ள ஏகப்பட்ட உட்கரு. கொடலு, ரத்தக்குழாய், மூத்திரப்பை எல்லாத்துலயும் இருக்கது மென்தசை. ரெண்டு முனையும் கூம்புன செல்லு, ஒண்ணுக்கு ஒரே உட்கரு, நீளம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டரத் தாண்டாது. அதே ஆக்டின், அதே மயோசின்தான். வரிசை கட்டாம கெடக்கதால கோடு தெரியல. கோடு இல்லைன்னு எளப்பமா நெனச்சிராத.

கால்சியம் வந்தாத்தான் ரெண்டும் சுருங்கும். ஒன் புஜத்துல அது ட்ரோபோனின்ங்குத புரதத்துல போய் ஒட்டும், மென்தசையில கால்மோடுலின்ங்குத புரதத்துல. அதுக்கப்புறமும் ரெண்டு மூணு வேலை நடக்கணும், அதான் மென்தசை கொஞ்சம் மந்தம். ஆனா புடிச்சா விடாது. நீ தம்பிள்ஸத் தூக்கி ஒரு நிமிசம் நிறுத்ததுக்குள்ள மொகம் அஷ்டகோணலாப் போகுது. ரத்தக்குழாய்த் தசை ராவும் பகலும் இறுக்கிப் புடிச்சிட்டே நிக்கும். அதே புடிக்கு ஒன் தசை தின்னுத சக்தியில பத்துல ஒரு பங்கு போதும் அதுக்கு. புரோட்டீன் பவுடர்க்காரன் அங்க கடை போட முடியாது.

இதயத்தசை தனி ரகம்: கோடும் உண்டு, ஒன் பேச்சையும் கேக்காது.

ஒங்க அம்மைக்கு ஒன்னச் சொமக்கும் முன்ன கருப்பை அறுபது எழுபது கிராம் இருந்திருக்கும். பேறுகாலத்துக்குள்ள கிட்டத்தட்ட ஒரு கிலோ. அதுவும் பெரும்பாலும் மென்தசை வளந்ததுதான். எந்த ஜிம்முல பணம் கட்டிச்சாம்?

சரி, மொகத்தத் தொங்கப்போடாத. ஆச்சி சோறு வச்சிட்டா, வந்து தின்னு. மெல்லுத வரைக்கும், முழுங்க ஆரம்பிக்க வரைக்கும் நீதான் எசமான். அதுக்குப் பொறவு உணவுக்குழாய் பாத்துக்கிடும். நீ தலகீழாத் தொங்குனாலும் சோறு வயித்துக்குப் போயிரும்டே.