டீத்தூள் தின்னும் செடி

இன்று காலை என் ஆர்கிட் தொட்டியில் வடிகட்டிய டீத்தூள் கிடந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. டீத்தூளைச் சொல்கிறேன், என்னைச் சொன்னாலும் தப்பில்லை.

சென்னையில் ஆர்கிட்டைப் பூக்க வைப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் இந்த டீத்தூளை முடித்துவிடுவோம்.

போட்டது யார் என்று விசாரிக்க அவசியமில்லை. கும்பகோணத்திலிருந்து பெரியம்மா வந்து நான்கு நாளாகிறது. வந்த அன்றே தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, ஒரு பிடி மண்ணுகூடப் போடலையே. கரியிலே நட்டு வெச்சா அது எதைத் தின்னும்?" என்றாள்.

"இது மண்ணுல வளராது பெரியம்மா. காட்டுல மரத்து மேல ஒட்டிக்கிட்டு வாழும்."

"புல்லுருவியா?"

"இல்ல. புல்லுருவி மரத்தை உறிஞ்சும். இது மரத்துகிட்ட எதையும் கேட்காது. மழைத்தண்ணியக் குடிச்சுட்டு சும்மா உட்கார்ந்திருக்கும்."

"உன் சித்தப்பா மாதிரின்னு சொல்லு."

இந்தச் செடியின் வேருக்கு மேல் பஞ்சு போல ஓர் உறை உண்டு. காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. வெள்ளையாக இருந்தால் தண்ணீர் ஊற்று, பச்சையாக இருந்தால் பேசாமல் போ. இதைவிடத் தெளிவாக எந்தச் செடியாவது பேசியிருக்கிறதா? வேருக்குக் காற்றும் வேண்டும். அதற்காகத்தான் கரித்துண்டும் தேங்காய் மட்டையும். இடுக்கில் எது போய் அடைத்தாலும் வேர் அழுகிவிடும்.

ஆனால் நம் வீடுகளில் தொட்டி என்ன தொட்டியா? சமையலறையின் கொல்லைப்புறம் அல்லவா! அரிசி களைந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனசு வராது, செடிக்கு. பருப்பு கழுவிய தண்ணீர், செடிக்கு. வெங்காயச் சருகு ஊறிய தண்ணீர், செடிக்கு. டிகாஷன் மண்டி, வாழைப்பழத் தோல், பெருங்காயம் கரைத்த புளித்த மோர், பெரியம்மா ஊரில் இல்லாத நாட்களில் முட்டை ஓடு. கீழ் வீட்டு அக்கா மீன் கழுவிய தண்ணீரை இரண்டு மாடி சுமந்து வந்து தந்தார், பாசம். பேரன் குடிக்க மறுத்த சத்துமாவுக் கஞ்சி. தேதி முடிந்த வைட்டமின் மாத்திரை. போன வெள்ளிக்கிழமை பஞ்சாமிர்தக் கிண்ணத்தைக் கழுவிய தண்ணீர். அதற்கு எறும்பு வந்தது. எறும்புக்கு மஞ்சள்தூள் வந்தது. மஞ்சள்தூளைக் கழுவ மறுபடியும் அரிசி களைந்த தண்ணீர் வந்தது. சாமிக்கு அபிஷேகம் செய்த பாலை ஏன் ஊற்றினாய் என்று மனைவியிடம் கேட்டால், "கால்படாத இடமாப் பார்த்துக் கொட்டணும்" என்கிறாள். உத்தரத்தில் தொங்கும் தொட்டியைவிடக் கால்படாத இடம் இந்த வீட்டில் ஏது?

விஷயத்துக்கு வருகிறேன். 850 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது ஃபாலனாப்சிஸ். வாங்கும்போது பூ இருந்தது. மூன்று வருடமாக இலை மட்டும். பூங்குருத்து விட இரவு வெப்பம் சில வாரங்களுக்கு 25 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டுமாம். சென்னையில் அது குளிர்காலத்தோடு சரி. அதனால் போன மே மாதம் படுக்கையறைக்குள் கொண்டு வந்து, அதற்காக ஏசியை 22-இல் வைத்தேன். ஏசிக் காற்றில் இலை சுருங்கியது. எனக்குச் சளி பிடித்தது. பூ மட்டும் வரவில்லை.

எதிர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு டென்ட்ரோபியம், உடைந்த ஓட்டுச் சில்லில் நட்டது, கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கிறது. டென்ட்ரோபியம் நம் வெயிலைத் தாங்கும், அது வேறு ஜாதி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரருக்கு அது ஆர்கிட் என்பதே தெரியாது. "ஏதோ ஊதாப் பூ சார்" என்கிறார். என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"அரிசி களைஞ்ச தண்ணிதான்."

இதைப் பெரியம்மாவிடம் நான் சொல்லப் போவதில்லை.

இப்போது மனைவியின் ஹேர்பின்னை வைத்து வேர்களுக்கு நடுவிலிருந்து டீத்தூளை ஒவ்வொரு துணுக்காக எடுத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஏலக்காய்த் தோல் வேறு கிடக்கிறது.

காலையில் எனக்குக் கொடுத்த டீயில் ஏலக்காய் வாசனையே இல்லை.