விளக்குமாறு

போன மாதம் அலுவலகத்தில் எனக்கு ஒரு மெமோ வந்தது. தொடர்ந்து மூன்று நாள் தாமதமாக வந்ததற்கான காரணத்தை 'எழுத்து மூலம் விளக்குமாறு' கேட்டிருந்தார்கள். வாங்கிப் படித்த மனைவி மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா, அடிக்கப்போறத எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க!"

இந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை. மதுரையில் அப்பத்தா வீட்டில் விடிந்ததும் கேட்கிற முதல் குரலே "வெளக்கிட்டு வாடா"தான். பல்லை. பல் முடிந்தால் சட்டி. வியாழக்கிழமை சாயங்காலம்தான் உச்சம்: "குத்துவெளக்க வெளக்கு." ஊறவைத்த புளியும் சாம்பலும் கைக்கு வரும். தண்டில் இருக்கும் ஒவ்வொரு வளையத்துக்கு அடியிலும் போன வாரத்து எண்ணெய் கறுத்துப் பிசினாய் ஒட்டியிருக்கும். தேங்காய் நாரைச் சுற்றிக் கயிறு மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தால்தான் விடும். விளக்கின் ஐந்து முகமும் மின்னும்போது என் முகம் கறுத்திருக்கும். மறுநாள் ஏற்றுவது அத்தை, பெயரும் அத்தைக்கே. அணைக்கிற வேலையாவது கிடைக்குமா என்று, "வெளக்க அணைக்கட்டா?" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. 'குளிர வைக்கட்டா' என்று கேட்க வேண்டுமாம்.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யாதான் முடிச்சை அவிழ்த்தார். அடங்கு, அடக்கு மாதிரி விளங்கு, விளக்கு. பல்லோ பானையோ பாடமோ, விளங்க வைத்தால் அது விளக்குவது. மாறு என்றால் குச்சி, பருத்திமாறு என்கிறோமே அதுபோல. தரையை விளக்குகிற குச்சிக்கட்டு விளக்குமாறு. வகுப்பே தலையாட்டியது. நான் மட்டும் திருதிருவென்று விழித்தேன்.

"போடா, வெளக்கெண்ண!" என்றார்.

விளக்கெரித்ததால் பெயர் பெற்ற ஆமணக்கெண்ணெய் எப்படி வசவானது என்பதை மட்டும் அவர் விளக்கவில்லை. அதே எண்ணெயைக் கண்ணில் விட்டுக்கொண்டு தேடினால் கெட்டிக்காரன் என்கிறார்கள். வயிற்றுக்குள் விட்டால் நடப்பதை அப்பத்தாவின் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் அறிவோம்.

நிற்க. மெமோவுக்குப் பேருந்து, மழை, மாமனார் வருகை என்று இரண்டு பக்கம் பதில் எழுதிக் கொடுத்தேன். நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில், 'விளக்கம் விளங்கவில்லை. மீண்டும் விளக்குமாறு...'

மனைவியிடம் காட்டினேன்.

"எழுதுறது அப்புறம் இருக்கட்டும். சிங்க்ல கெடக்குறத மொதல்ல வெளக்குங்க."